கையளவுக் கத்தி

"இது எந்தக் கை?" என்று மனைவி கேட்டபோது மணி காலை ஒன்பது. மாஸ்டர் கத்தியை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொன்ன நேரம் மாலை நாலு.

கத்தி முடிந்துவிட்டது. உறையும் முடிந்துவிட்டது. இரண்டும் பட்டறை மேஜைமேல் பளபளவென்று கிடந்தன. பெட்டியில் வைத்துக் கட்டவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காகிதத்தில் ஒரு கையைச் சுற்றிப் பென்சிலால் இழுத்த கோடு.

"மாஸ்டர் கை" என்றார் கத்திக்காரர்.

"அது தெரியுது. இடதா, வலதா?"

"இடது. உள்ளங்கையைக் கவுத்து வச்சிருக்கார். கட்டைவிரல் வலப்பக்கம் நிக்குது பாரு."

"சரி. இதை வரையறப்போ பென்சிலை எந்தக் கையில பிடிச்சிருப்பார்?"

கத்திக்காரர் தன் இடது கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். வலது கை தானாகவே பென்சில் பிடிக்கிற மாதிரி குவிந்தது.

இந்த இடத்தில் அவருடைய தொழில்முறையைச் சொல்லிவிட வேண்டும். யார் கத்தி கேட்டாலும் முதலில் கையை ஒரு காகிதத்தில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பச் சொல்வார். அந்தக் கைக்கு ஏற்றபடிதான் பிடியைச் செதுக்குவார். விரல்கள் பதிய எங்கே குழி, கட்டைவிரல் எங்கே அழுந்தும், அலகை எந்தப் பக்கம் சரிவாகத் தீட்டவேண்டும், எல்லாம் படம் சொல்லும். மரமும் இரும்பும் அவர் துறை. தோல் மனைவியின் துறை. உறை தைப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பாள். அந்தத் தையல் தோல் கிழிந்தாலும் பிரியாது.

எட்டு மாதத்துக்கு முன்பு காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு, கார் இல்லாத கார் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டார். இதுவரை பதினோரு கத்திகள் விற்றிருக்கின்றன. வாங்கியவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். மச்சினன் மட்டும் மூன்று வாங்கினான். அவன் வீட்டில் சுடுதண்ணீர் வைப்பதோடு சரி, சமையலே கிடையாது.

ஆகவே, மாஸ்டர்தான் முதல் வெளியாள். அலுவலக மேனேஜர் போன மாதம் வழியில் பார்த்து, "உங்க நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு ஏதோ வீராப்பில், "முதல் வெளியாள் கத்தியைத் திருப்பிக் குடுத்துட்டா, அடுத்த திங்கக்கிழமையே நாற்காலியில வந்து உக்காந்துடறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று வெள்ளி.

மாஸ்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடைத்தெருவின் பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரர். ஓட்டல் வாசலில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளுயரப் படம் இருக்கிறது. ஆளுயரம் என்றால் அந்த ஆளின் உயரம், வாசல் நிலையை முட்டும். கைகள் இரண்டும் தூண்கள். மூன்று பட்டறைகளிலிருந்து வந்த கத்திகளைத் திருப்பி அனுப்பியவர் என்று ஊரில் பேச்சு. போனில்கூட அவர் மூன்றே வாக்கியம்தான் பேசினார். "கத்தி ஒண்ணு வேணும். கை படம் அனுப்பறேன். ரெண்டு மாசம் கழிச்சு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவேன்."

படம் போனில் வந்தது. அச்செடுத்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் கை மாதிரி இருந்தது. போன் படத்தில் எல்லாம் சிறிதாகத்தானே வரும்? கத்திக்காரர் மூன்று தடவை பெரிதாக்கி, வாசல் படத்திலிருந்த தூண்களுக்குப் பொருந்துகிற அளவில் நிறுத்தினார். அதில் அவருக்குத் தன் மூளையைப் பற்றி ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமை இப்போது காகிதத்தோடு சேர்ந்து மனைவி கையில் தொங்கியது.

"வலது கைக்காரர் வலது கையிலதான் பென்சிலைப் பிடிப்பார்" என்றாள் அவள். "அப்போ வரையறதுக்கு மிச்சம் இருக்கிற கை எது? இடது. அதை வரைஞ்சு அனுப்பிட்டார். நீங்க அப்படியே இடது கைக்காரர் கத்தி செஞ்சுட்டீங்க. நானும் இடது இடுப்புல தொங்கற மாதிரி உறை தைச்சுட்டேன்."

"இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே!"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தோணலையே! இப்பத்தானே தோணுது."

"போன் பண்ணிக் கேட்டுடட்டுமா?"

"என்னன்னு கேப்பீங்க? 'கத்தி ரெடி, உங்களுக்கு எந்தக் கைப் பழக்கம்'னா?"

அதுவும் சரிதான். அதனால் கத்திக்காரர் மாஸ்டரை விட்டுவிட்டு, ஓட்டல் சமையலறைக்குப் போன் செய்தார். குரலைக் கொஞ்சம் மூக்கால் பேசி மாற்றிக்கொண்டார்.

"வணக்கம். நாங்க ஒரு கணக்கெடுப்பு நடத்தறோம். உங்க மாஸ்டர் எந்தக் கையால காய் நறுக்குவார்?"

"தெரியலையே சார். அவர் நறுக்கி நான் பார்த்ததே இல்ல" என்றது அந்தப் பக்கம்.

"நீங்க வேலைக்குப் புதுசா?"

"ஆறு வருஷம் ஆச்சு சார்."

கத்திக்காரர் போனை மெதுவாக வைத்தார். அவர் முகத்தில் பயமும் பக்தியும் கலந்து தெரிந்தன. "என்ன வேகம் பார்த்தியா! ஆறு வருஷமா பக்கத்துல நிக்கறவன் கண்ணுக்கே தெரியல" என்றார்.

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவர் முக்கால் மணி நேரத்தில் திரும்பிவந்தார். உள்ளே வரும்போதே கை இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இடதுதான்! காப்பி குடிச்சுக்கிட்டே கண்ணால பார்த்தேன். கரண்டியில எடுத்து ருசி பார்த்தார். இடது கையிலதான் கரண்டி!"

மனைவிக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியை எடுத்தாள். எடுத்தவள் பாதியில் நின்றாள்.

"எங்க உக்காந்திருந்தீங்க?"

"கல்லாவுக்குப் பக்கத்துல."

"அங்க உக்காந்தா சமையல்கட்டு முதுகுக்குப் பின்னாடி இல்ல இருக்கும்?"

"ஆமா, பின்னாடிதான்."

"பின்னாடி நின்னவரை எப்படிப் பார்த்தீங்க?"

"எதிர் சுவத்துல பெரிய கண்ணாடி இருக்கே, அதுலதான்."

சொல்லி முடித்ததும் அவரே தன் இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ வலது" என்றாள் மனைவி.

மணி பதினொன்று. ஐந்து மணி நேரத்தில் ஒரு கத்தியைக் கை மாற்ற வேண்டும்.

சாணை மிஷின் ஓடத் தொடங்கியது. அலகின் இடப்பக்கம் இருந்த சரிவைத் தேய்த்தெடுத்து வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். சாதாரண நாளென்றால் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அலகைத் தண்ணீரில் முக்கி எடுப்பார். இரும்பு சூடேறினால் பதம் போய்விடும். இன்று அவசரம். ஐந்து இழுப்பு, ஆறு இழுப்பு என்று போனவர் திடீரென்று மிஷினை நிறுத்தினார்.

"என்ன?" என்றாள் மனைவி.

"நீலம் பூத்துடுச்சு."

அலகின் விளிம்பு நெடுக ஒரு விரல் அகலத்துக்கு நீல நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீலம் பூத்த இரும்பு மொண்ணை இரும்பு, வெண்ணெயைத் தவிர எதையும் வெட்டாது. வேறு வழியில்லாமல் அந்த ஒரு விரல் அகலத்தையும் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து எடுத்தார். அகலமாக இருந்த அலகு ஒடுங்கிப்போயிற்று.

அடுத்தது பிடி. இடது கட்டைவிரலுக்காகக் குடைந்த குழி இப்போது தப்பான பக்கத்தில் இருந்தது. மரத்தில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. குழி மறையும்வரை சுற்றியுள்ள மரத்தையும் இறக்கவேண்டியதுதான். அரத்தால் இறக்கி, உப்புத்தாளால் தேய்த்தார். பருத்திருந்த பிடி பாதியாயிற்று.

"உறையில போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

போட்டுக் குலுக்கினார். உள்ளே கத்தி கடகடவென்று ஆடியது. மூன்று நாள் உட்கார்ந்து தைத்த தையலை அவள் பிரித்தாள். கத்தரியை எடுத்துத் தோலின் ஓரத்தை வெட்டினாள். அப்படியே கை நின்றது.

"என்னங்க."

"இப்ப என்ன?"

"நான் கரண்டியை எந்தக் கையில பிடிக்கறேன்?"

"வலது."

"இப்ப கத்தரி எந்தக் கையில இருக்கு?"

கத்தரி அவள் இடது கையில் இருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் இதைக் கவனித்ததே இல்லை.

"கரண்டி பிடிக்கிற கையும் கத்தி பிடிக்கிற கையும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு யார் சொன்னா?" என்றாள் அவள், ரொம்பவும் மெதுவாக. "வேற யாராவதுகூட பென்சில் பிடிச்சு வரைஞ்சிருக்கலாம் இல்ல?"

கத்திக்காரருக்கு ஒரு நிமிடம் ஓவென்று கத்தலாம்போல் இருந்தது. ஆனால் எதிரே நிற்பவளுக்கும் அதே நிலைமை. அவள் முகத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுகையை அடக்குகிறாள் என்று பதறி அருகில் போனார். பார்த்தால், அடக்கிக்கொண்டிருந்தது சிரிப்பை. அது இவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"ரெண்டு கைக்கும் ஆகிற மாதிரி செஞ்சிடுவோம்" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு பக்கமும் சரிவு. பிடி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. நீ உறையில ரெண்டு பக்கமும் பட்டை வச்சிடு. எந்த இடுப்புல வேணும்னாலும் தொங்கட்டும்."

மறுபடி சாணை. மறுபடி அரம். இடப்பக்கம் கொஞ்சம் இறக்கினால் வலப்பக்கம் தூக்கித் தெரிந்தது. வலப்பக்கம் இறக்கினால் இடப்பக்கம். அவர் மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டே போனார். அவர் ஒரு நூலளவு தேய்க்க, அவள் ஒரு நூலளவு வெட்ட, கத்தி இளைக்க இளைக்க உறையும் கூடவே இளைத்தது. நடுவில் இரண்டு பேரும் நின்றுகொண்டே ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டார்கள். அவள் நூலுக்கு மெழுகு தடவும்போது அவர் விளக்கைத் திருப்பிப் பிடித்தார். அவர் பிடியைத் தேய்க்கும்போது அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். எட்டு மாதமாக ஒரே கொட்டகையில் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள், இன்றுதான் ஒரே மேஜையில் நின்றார்கள். சொன்னால் வெட்கம், கத்திக்காரர் சந்தோஷமாக இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கை வழுக்கியது.

மெருகெண்ணெய் தடவிய கத்தி நழுவி, சிமென்ட் தரையில் மூக்குக் குத்தி விழுந்தது. 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். நுனியில் ஒரு விரற்கடை துண்டு ஓடிப்போய் அலமாரிக்கு அடியில் நின்றது.

இரண்டு பேரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள்.

"புது நுனி வச்சுக்கலாம்" என்றார் அவர்.

"நானும் அடியை வெட்டிக்கறேன்" என்றாள் அவள்.

மூன்றரைக்கு எல்லாம் முடிந்தது. மேஜைமேல் உறையோடு கத்தி இருந்தது. அதன் பக்கத்தில் உறையிலிருந்து வெட்டிப்போட்ட தோல் துண்டுகள் குவிந்து கிடந்தன. குவியல்தான் பெரிதாக இருந்தது. கத்திக்காரர் கத்தியை உருவி ஒரு செய்தித்தாளை விளிம்பில் வைத்தார். காகிதம் சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. இவ்வளவு கூர்மையாக அவர் இதுவரை ஒன்றைச் செய்ததில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

"நல்ல கத்திதான்" என்றாள் மனைவி. "யாருக்குன்னுதான் தெரியல."

"திங்கக்கிழமைக்குச் சட்டையைத் தேய்ச்சு வச்சிடு."

"வைக்கறேன். ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இங்க நிக்கலாம். நானும் நிக்கறேன்."

அவர் கத்தியை உறையில் போட்டார். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

மாஸ்டர் கொட்டகை வாசலில் குனிந்து உள்ளே வந்தார். உள்ளே வந்து நிமிர்ந்ததும் பட்டறையே சிறிதாகிவிட்டது. அவருக்குப் பின்னால் தோளில் துணிப்பையுடன் ஒரு பெண் வந்தாள். மாஸ்டரின் முழங்கைக்குத்தான் இருந்தாள். பை தூக்க வந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக் கத்திக்காரரின் மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் உட்காராமல் மேஜைமேல் கிடந்த தோல் துண்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?" என்றார் மாஸ்டர்.

கத்திக்காரர் உறையோடு நீட்டினார். மாஸ்டர் உருவினார். அவருடைய உள்ளங்கையில் பிடி முழுவதும் காணாமல் போய்விட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அலகு, சாப்பிட்டபின் பல் குத்த வைத்துக்கொண்டது மாதிரி இருந்தது.

மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கத்திக்காரரின் மனக்கண்ணில் காப்பீட்டு அலுவலகத்தின் சாம்பல் நிற மேஜையும், ஸ்டேப்ளரும், மேனேஜரின் இருமலும் வரிசையாக வந்து நின்றன.

"மாஸ்டர், ஒரு உண்மையைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். "நான் படத்தைப் பார்த்து..."

மாஸ்டர் இன்னொரு கையைத் தூக்கினார். கத்திக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

மாஸ்டர் திரும்பி, கத்தியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் அதை இடது கையில் வாங்கினாள். கத்திக்காரரின் மனைவி, கணவரின் விலாவில் முழங்கையால் இடித்தாள். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சின்னப் பலகையையும் தக்காளியையும் எடுத்து மேஜையில் வைத்தாள். சரக், சரக், சரக். தக்காளி வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அவ்வளவு மெலிசு, ஒரு வில்லையைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது. பிறகு ஒரு கேரட். அது என்ன ஆயிற்று என்று யாரும் பார்ப்பதற்குள் நூல் நூலாகக் கிடந்தது. கத்தியும் கையும் தனித்தனி என்று சொல்லவே முடியவில்லை. ஐந்து விரலும் பிடியில் அப்படி ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"மாஸ்டர்... நறுக்கறது நீங்க இல்லையா?" என்றார் கத்திக்காரர்.

"நானா? வெங்காயத்தைப் பார்த்தாலே எனக்குக் கண்ணு கலங்கிடும். வாசல்ல படத்துக்கு நிக்கறேன், உள்ள ருசி பார்க்கறேன். மத்ததெல்லாம் என் வீட்டுக்காரிதான்" என்றார் மாஸ்டர். பிறகு பயந்த குரலில், "என்னம்மா, இதையாவது வச்சுக்கலாமா, இல்ல இதையும் திருப்பிடணுமா?" என்று கேட்டார்.

அவள் கத்தியைத் துணியில் துடைத்து, உறையில் போட்டு, இடது இடுப்பில் மாட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இதே அளவுல இன்னும் அஞ்சு செஞ்சு குடுங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் இவர் பென்சில் பிடிக்க, என் கையை வரைஞ்சுதான் அனுப்பறோம்; ஆனா எல்லாரும் இவர் உடம்பை நினைச்சுக்கிட்டு, கோடாலி மாதிரி ஒண்ணைச் செஞ்சு குடுத்துடுவாங்க. கூட்டாம குறைக்காம படத்தை அப்படியே நம்பினது நீங்க ஒருத்தர்தான்!"